தீப்பெட்டிக்குள் திபேரியஸ்!

"தம்பி, இதுல ஒண்ணை வித்தாலே பையனோட காலேஜ் ஃபீஸைக் கட்டிரலாம்னு சொல்றாங்க. நெசமாங்க?"

கேட்டபடியே அக்கா தீப்பெட்டியைத் திறந்து மேசை மேல் கவிழ்த்தார். ஆறு வெள்ளிக் காசுகள். ஒன்று கருத்துப்போய், ஒன்று பளபளவென்று, ஒன்றின் ஓரத்தில் பச்சை பூத்து... ஆறிலும் ஒரு முகம்.

அக்காவின் கணவர் கோவையில் முப்பது வருடம் வெள்ளிப் பட்டறை வைத்திருந்தவர். போன வருடம் தவறிவிட்டார். உருக்க வரும் பழைய வெள்ளியில் முகம் போட்ட காசு எது வந்தாலும் மூசையில் போடமாட்டாராம். அந்த எடைக்குத் தன் வெள்ளியைப் போட்டுவிட்டுக் காசை எடுத்து வைத்துக்கொள்வார். பிற்பாடு ஆற்றில் கிடைத்தது என்று சொல்லி வந்தவர்களிடமும், காசு சேர்க்கும் நண்பர்களிடமும் இரண்டு, மூன்று வாங்கியிருக்கிறார். 'எல்லாம் ரோம் ராஜா காசு' என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். யார் ராஜா, எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது பையன் அந்தக் காசுகளைப் படம் பிடித்து எங்கோ இணையத்தில் போட்டிருக்கிறான். அன்று காலையில் ஒரு போன். "ஒரு காசுக்கு எட்டு லட்சம் தர்றோம். பதிவுக் கட்டணம் பன்னிரண்டாயிரம் மட்டும் அனுப்பிடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்." கட்டண ரசீதில் ரிசர்வ் வங்கி முத்திரை வேறு!

"பணம் அனுப்பியாச்சாக்கா?"

"இல்லீங்க. உங்களைக் கேட்டுட்டு அனுப்பலாம்னுதான் வந்தேன்."

அப்பாடா என்றிருந்தது. ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதற்குக் கட்டணம் வசூலிப்பதும் இல்லை. இதை 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கையாக வெளியிட்டது. விலையைப் பேசிவிட்டு முன்பணம் கேட்டாலே அது மோசடிதான். பார்க்கவே இல்லாத காசுக்கு எட்டு லட்சம் சொல்கிறவருக்கு அந்தக் காசே தேவையில்லை, பன்னிரண்டாயிரம்தான் தேவை.

"போனை ஓரமா வைங்கக்கா. முதல்ல காசைப் பார்ப்போம்" என்றேன்.

காசு சேர்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆரம்பத்தில் ஒரு கண்காட்சியில், ஹேட்ரியன் காசு என்று நம்பி அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஈயத் துண்டு ஒன்றை வாங்கி வந்தவன். அந்த வலியில்தான் படிக்கத் தொடங்கினேன். அன்று மதியம் நாங்கள் இருவரும் அந்த ஆறு காசுகளைப் பார்த்த கதைதான் இது. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு தீப்பெட்டி இருக்கலாம்.

முதலில் விளிம்பு

புதிதாகப் பார்ப்பவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். விளிம்பைப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ரோமானிய வெள்ளிக் காசு கையால் அடித்தது. கீழே ஓர் அச்சு, அதன் மேல் சூடான வெள்ளி வில்லை, அதற்கு மேல் இன்னோர் அச்சு, பிறகு சம்மட்டியால் ஓர் அடி. அடித்த வேகத்தில் வெள்ளி நாலாபக்கமும் பிதுங்கும். அதனால் எந்தக் காசும் சரியான வட்டமாக இருக்காது. ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்புகள் இருக்கும். படம் நடுவில் விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கி, சில எழுத்துகள் காசுக்கு வெளியே போயிருக்கும். இதெல்லாம் குறை இல்லை, அடையாளம்.

அக்கா காட்டிய முதல் காசில் தாடி வைத்த ஒருவர், கிரீடம் இல்லாமல் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்ந்து தேய்ந்து பெயர் அழிந்துவிட்டது. ரோமானியர் மாதிரியே கம்பீரம்தான். ஆனால், நகத்தால் விளிம்பை வருடினால் வரிவரியாகக் கோடுகள் தட்டுப்பட்டன. இயந்திரத்தில் அடித்த காசுக்குத்தான் அப்படிச் சீரான பல் வரிகள் இருக்கும். தராசில் வைத்தால் 2.9 கிராம்.

"அக்கா, இவர் ரோம் ராஜா இல்லை. லண்டன் ராஜா. ஏழாம் எட்வர்ட். நம்ம ஊர்க் கால் ரூபாய்தான் இது. நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல."

"அட, எங்க அம்மாயி சுருக்குப் பையில இருந்ததுங்களா இருக்கும்!" என்று சிரித்துவிட்டார்.

தபரபானே அரசன் செய்த சோதனை

அடுத்தது எடை. நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன மின்னணுத் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ரோமானியரின் பிரதான வெள்ளிக் காசுக்கு 'டெனாரியஸ்' என்று பெயர். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தில் ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு என்பது கணக்கு. அதாவது ஒன்று ஏறக்குறைய 3.9 கிராம். தேய்மானம் போக இன்று 3.5-லிருந்து 3.8 வரை நிற்கும். அகலம் இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. ரூபாய் சின்னத்தோடு 2011-ல் வந்த ஒரு ரூபாய் காசு கையில் இருக்கிறதா? எடை கிட்டத்தட்ட அதேதான். ஆனால் டெனாரியஸ் அதைவிடச் சின்னதாக, தடிமனாக இருக்கும்.

இந்த எடை விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்வது. கிளாடியஸ் பேரரசர் காலத்தில் ரோமிலிருந்து ஒருவன் காற்றில் அடித்துக்கொண்டுபோய்த் தபரபானே தீவில், அதாவது இலங்கையில் கரையேறினான். அவனிடம் இருந்த டெனாரியஸ் காசுகளை அந்த ஊர் அரசன் பார்த்தான். ஒவ்வொன்றிலும் வேறு வேறு முகம். வேறு வேறு ஆட்கள் அடித்தவை. ஆனாலும் எல்லாம் ஒரே எடை. 'இவர்கள் நேர்மையானவர்களாக இருக்க வேண்டும்' என்று அரசன் வியந்தானாம். ரோமுக்குத் தூதுவர்களையும் அனுப்பினான் என்கிறார் பிளினி. அரசன் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

அந்த நேர்மை ரொம்ப நாள் நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம். கி.பி. 64-ல் நீரோ கை வைத்தான். ஒரு பவுண்டுக்கு 84 என்பது 96 ஆனது. எடை 3.4 கிராமுக்கு இறங்கியது. வெள்ளியின் தரமும் குறைந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பைக் கலந்து, 2-ம் நூற்றாண்டின் கடைசியில் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் வெள்ளி பாதியை ஒட்டி வந்துவிட்டது. 3-ம் நூற்றாண்டின் நடுவில் வெறும் செம்புக் காசுக்கு வெள்ளிப் பூச்சு என்கிற அளவுக்குப் போனது. ஆக, ஒரு காசின் எடையும் நிறமுமே அது எந்தக் காலம் என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடும்.

நம் கோவை, கரூர், பொள்ளாச்சிப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிப் புதையல்களில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள்தான். நீரோ எடையைக் குறைத்த பிறகு வந்த வெள்ளிக் காசு இங்கே மிக அரிது. 'நம் வியாபாரிகள் கெட்டிக்காரர்கள், எடை குறைந்த காசைத் தொடவில்லை' என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தாலிக்கொடி வாங்கும்போது உரைகல்லில் உரசிப் பார்க்காமல் வாங்காத ஊர்க்காரன் என்ற முறையில், எனக்கும் அதை நம்பத்தான் ஆசை!

இரட்டைப் பிள்ளைகள்

தீப்பெட்டியில் பளபளவென்று இருந்தவை இரண்டு காசுகள். இரண்டிலும் வெற்றிமாலை சூடிய ஒரே தலை. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். திபேரியஸ் காசின் அமைப்பு அப்படியே இருந்தது. இரண்டும் 3.2 கிராம்.

நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது அக்காதான். என் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி, ஒன்றைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். மறுபடியும் முதல் காசு.

"தம்பி, ரெண்டுலயும் காதுக்கு மேல ஒரே எடத்துல வெட்டு இருக்குதுங்க."

அவ்வளவுதான். கேஸ் முடிந்தது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் படம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அடித்த பிறகு கையிலும் மண்ணிலும் பட்ட காயம் எப்படி ஒன்றாக இருக்கும்? அசல் காசு ஒன்றின் காயத்தோடு சேர்த்து அச்செடுத்து, அதில் உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள்.

"இது வார்ப்புங்க. பட்டறையில எத்தனை பார்த்திருக்கேன்! இங்க பாருங்க, ஓரத்துல அரம் போட்ட தடம். சோட்டுல பிதுங்குனதை ராவியிருக்கறாங்க. மூக்குப் பக்கம் பொடிப்பொடியாக் குழி இருக்குது பாருங்க, அது காத்து அடைச்சது."

நான் பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். வார்த்த காசில் எழுத்தின் ஓரம் மழுங்கி, சோப்பு கரைந்த மாதிரி இருக்கும். அடித்த காசில் எழுத்துக்கும் தரைக்கும் இடையே கூர்மை தெரியும், தேய்ந்தாலும் தெரியும்.

கள்ளக் காசுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் பெக்கர் என்று ஒருவர் இருந்தார். வார்ப்பெல்லாம் இல்லை, தானே அச்சு வெட்டி, சம்மட்டியால் அடித்து, அசல் போலவே செய்தவர். புதுக் காசுக்குப் பழைய களை வர வேண்டாமா? ஒரு பெட்டியில் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் போட்டு, அதற்குள் காசுகளை வைத்து, தன் குதிரை வண்டியில் கட்டி ஊர் சுற்றுவாராம். கேட்டால் 'என் கிழவர்களை உலாத்தக் கூட்டிப்போகிறேன்' என்பாராம். அவர் செய்த போலிகளையே இன்று விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்!

"பாவம், இந்த ரெண்டையும்தான் அவர் ரொம்பக் காசு கொடுத்து வாங்கினாரு" என்றார் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வெள்ளியோடு முப்பது வருடம் புழங்கிய மனிதர் எப்படி ஏமாந்தார் என்று நானும் யோசித்தேன். ஆசைப்பட்டுப் பார்க்கிற கண்ணுக்கு அரத் தடம் தெரியாது. என் ஹேட்ரியனும் அப்படித்தான் வந்தது.

செத்துப்போன இளவரசர்கள்

பச்சை பூத்திருந்த காசு அடுத்தது. எடை 2.8 தான். முகம் அகஸ்டஸ். பின்பக்கம் இரண்டு பேர் எதிரெதிரே பார்க்காமல் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். கேயஸ், லூசியஸ் என்ற இந்த இருவரும் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். பிள்ளை இல்லாத அகஸ்டஸ் அவர்களைத் தத்தெடுத்துத் தன் வாரிசுகளாக வளர்த்தார். அந்த அறிவிப்புதான் இந்தக் காசு. இன்றைய பிரான்ஸில் லியோன் என்று அழைக்கப்படும் லுக்தூனம் நகரத்தில் ஏராளமாக அடித்தார்கள். லூசியஸ் கி.பி. 2-ல் இறந்தான். கேயஸ் கி.பி. 4-ல் இறந்தான். இருவருமே இளவயது. வாரிசு அறிவிப்புக் காசு மட்டும் கடல் தாண்டி நம் ஊர் வரை வந்து சேர்ந்தது.

இதில் தேதி கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அகஸ்டஸ் தலையைச் சுற்றி 'பாட்டர் பாட்ரியே' என்று இருக்கும். 'தேசத்தின் தந்தை' என்ற பட்டம். அதை அவருக்குக் கொடுத்தது கி.மு. 2-ல். ஆகவே இந்தக் காசு அதற்கு முன்பு அடித்ததாக இருக்க முடியாது.

ஆனால், எடை ஏன் குறைகிறது? பச்சை பூத்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்தால் மேலே மெல்லிய வெள்ளித் தோல், உள்ளே செம்பு. செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்தி அடித்த காசு. இது நேற்றைய போலி இல்லை. ரோமானியர் காலத்திலேயே செய்த போலி. உள்ளே இருக்கும் செம்பு நூற்றாண்டுக் கணக்கில் பூத்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

இதற்குப் பயந்துதான் அந்தக் காலத்து வியாபாரிகள் காசின் மேல் உளியால் கீறிப் பார்ப்பார்கள். சின்ன முத்திரை குத்துவார்கள். உங்கள் கையில் இருக்கும் காசில் அப்படி வெட்டோ, பிறை, புள்ளி மாதிரி குத்தோ இருந்தால் 'கெட்டுப்போச்சே' என்று வருந்தாதீர்கள். புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகள் 501. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே வெட்டு இருக்கிறது. அது ஏன் என்று இன்னும் வாதம் ஓடுகிறது. போலியா என்று பார்க்க வெட்டினார்கள் என்பாரும் உண்டு. இனி இது காசாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்று காட்ட வெட்டினார்கள் என்பாரும் உண்டு.

கதிர் முடி

ஐந்தாவது காசு மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. 4.1 கிராம். மீசை முளைக்காத ஒரு பையன். தலையில் மாலை இல்லை. சூரியக் கதிர் மாதிரி கூரான முனைகள் கொண்ட முடி. இதைப் பார்த்த உடனே, வெள்ளிக் காசாக இருந்தால், 'இது டெனாரியஸ் இல்லை' என்று சொல்லிவிடலாம். கி.பி. 215-ல் காரக்கல்லா அறிமுகம் செய்த புதுக் காசு. ஆய்வாளர்கள் 'அன்டோனினியானஸ்' என்பார்கள். இரண்டு டெனாரியஸ் மதிப்பு என்று கருதப்படுகிறது. ஆனால் வெள்ளியோ ஒன்றரைக் காசுக்குத்தான் இருந்தது! அரசிகளின் காசாக இருந்தால் தலையில் முடிக்குப் பதிலாகக் கழுத்துக்குக் கீழே ஒரு பிறை இருக்கும்.

இந்தப் பையன் மூன்றாம் கோர்டியன். 238-ல் பதின்மூன்று வயதில் அரியணை ஏறி, 244-ல் பத்தொன்பது வயதில் மாண்டவன். காசின் பின்பக்கம் ஒரு பெண், ஒரு கையில் மாலை, ஒரு கையில் நங்கூரம். மகிழ்ச்சிக்கான தேவதை, லேட்டீசியா. அசல் காசுதான். ஆனால் இந்த வகை நம் மண்ணில் கிடைப்பதில்லை. காசு நண்பர்கள் யாரோ வெளியூரிலிருந்து வாங்கி மாற்றிக்கொண்டதாக இருக்க வேண்டும்.

பின்பக்கத்துப் பெண்களை அடையாளம் காண்பது நமக்குக் கஷ்டமே இல்லை. வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவர்கள்தானே நாம்! அதே கணக்குதான் அங்கேயும். தராசு வைத்திருந்தால் நியாயத் தேவதை ஈக்விட்டாஸ். கப்பல் சுக்கான் என்றால் அதிர்ஷ்டத் தேவதை ஃபார்ச்சூனா. பாம்புக்கு உணவு ஊட்டினால் சாலஸ், உடல் நலத்துக்கு உரியவள். ஆலிவ் கிளை என்றால் சமாதானத்தின் பாக்ஸ். சில காசுகளில் தேவதை இல்லாமல் செய்தியே இருக்கும். யூதர்களின் கிளர்ச்சியை அடக்கிய வெஸ்பாசியன் அடித்த காசில், வெற்றிச் சின்னத்தின் அடியில் ஒரு பெண் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். கீழே 'யூதேயா' என்று பெயர். தோற்ற நாடுதான் அந்தப் பெண்.

எழுத்துக் கூட்டிப் படித்தல்

கடைசியாக அந்தக் கருத்த காசு. 3.71 கிராம். விளிம்பில் இரண்டு வெடிப்பு. படம் கொஞ்சம் ஒதுங்கி விழுந்திருந்தது. நான் கையில் எடுப்பதற்குள் அக்கா முந்தானையில் விபூதியைத் தேடினார்.

"இருங்க, தேய்ச்சுத் தர்றேன். பளிச்சுன்னு தெரியும்."

"ஐயோ, வேண்டாங்கக்கா!"

வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்ப்போம். கொலுசைப் புளி போட்டுக் கழுவுவோம். பழைய காசுக்கு இரண்டும் கூடாது. மேலே இருக்கும் கருப்பு, நூற்றாண்டுகளாகப் படிந்த தோல். அது போனால் மேல்பூச்சு மட்டுமல்ல, எழுத்தின் நுனியும் சேர்ந்து போகும். பழைய வெள்ளி உள்ளுக்குள் இறுகி நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும்; 'கணீர்' என்று ஒலிக்கிறதா என்று தரையில் போட்டுப் பார்த்தால் இரண்டாக உடைந்தாலும் உடையும். மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

பகல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். மன்னன் தலையைச் சுற்றி வட்டமாக இருக்கும். எங்கே ஆரம்பம் என்பது காசுக்குக் காசு மாறும். பிற்காலக் காசுகளில் பெரும்பாலும் கீழே இடப்பக்கம் தொடங்கி மேலேறும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. ஆங்கிலத்தில் 'யூ' வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'வி' இருக்கும். எல்லாமே சுருக்கெழுத்து. 'ஐ எம் பி' என்றால் இம்பெராட்டர், படைத் தலைவர். 'ஏ வி ஜி' என்றால் அகஸ்டஸ். முதல் அகஸ்டஸுக்குப் பிறகு அது பேரரசர் எல்லோருக்கும் பட்டமாகிவிட்டது. அதனால் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததுமே 'அகஸ்டஸ் காசு' என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. 'பி எம்' என்றால் தலைமைக் குரு. 'சி ஓ எஸ்' என்றால் கான்சல் பதவி. பக்கத்தில் உள்ள கோடுகள் எத்தனையாவது முறை என்று சொல்லும். 'டி ஆர் பி' என்பதும் ஒரு பதவி. அது வருடா வருடம் புதுப்பிக்கப்படும். பக்கத்தில் எண் இருந்தால் காசு அடித்த வருடத்தையே பிடித்துவிடலாம்!

பெயர்க் குழப்பமும் உண்டு. காரக்கல்லா காசிலும் எலகபாலஸ் காசிலும் 'அன்டோனினஸ்' என்றுதான் இருக்கும். முகத்தையும் பட்டத்தின் வரிசையையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நான் இன்னமும் அதில் தடுமாறுவேன்.

அக்காவின் காசில் முழு எழுத்தும் இல்லை. முன்பக்கம் 'ஏசர் டிவி' என்கிற துண்டு தெரிந்தது. பின்பக்கம் 'ஆன்டிஃப்' என்று நான்கைந்து எழுத்து. அது போதும். முன்பக்கம் முழுதாக இருந்தால் 'டி சீசர் டிவி அவ்க் எஃப் அகஸ்டஸ்'. அதாவது 'தெய்வமான அகஸ்டஸின் மகன் திபேரியஸ் சீசர் அகஸ்டஸ்'. பின்பக்கம் 'பான்டிஃப் மாக்சிம்', தலைமைக் குரு. உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஒரு கையில் நீண்ட செங்கோல், மறு கையில் கிளை.

கி.பி. 14-லிருந்து 37 வரை ஆண்ட திபேரியஸ், ஏறக்குறைய ஆட்சிக்காலம் முழுக்க இந்த ஒரே படத்தையே லுக்தூனத்தில் அடித்துத் தள்ளினான். நாற்காலிக் கால் வெறுமையாக இருக்கிறதா, வேலைப்பாடு உள்ளதா, கீழே கோடு இருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் முந்தியது, பிந்தியது என்று வகை பிரிக்கிறார்கள். பைபிளில், வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு காசைக் காட்டச் சொல்லி 'இதில் யாருடைய உருவம் இருக்கிறது' என்று கேட்டாரே, அந்தக் காசு இதுதான் என்று சேகரிப்பாளர்கள் இதற்கு 'வரிக் காசு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

வகையைச் சரிபார்க்க, 1923-ல் தொடங்கி பத்துத் தொகுதிகளாக வந்த 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற நூல்தான் இந்தத் துறையின் பஞ்சாங்கம். அதன் அடிப்படையில் அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் 'ஓக்ரே' என்ற இணையப் பட்டியல் இலவசம். மன்னன் பெயரையும் தெரிகிற நான்கு எழுத்தையும் போட்டால் படங்களோடு வரும். நாங்களும் போட்டுப் பார்த்தோம். அக்காவே கைபேசித் திரையையும் காசையும் மாறி மாறிப் பார்த்து, "நாற்காலிக் கால்ல உருண்டை உருண்டையா இருக்குது, இதேதானுங்க" என்று கண்டுபிடித்தார்.

இதன் விலை என்ன?

அசல்தான். ஆனால் எட்டு லட்சம் எல்லாம் இல்லை. திபேரியஸின் இந்த வகை ஏராளமாக அடிக்கப்பட்டு, ஏராளமாகக் கிடைத்த காசு. வெளிநாட்டு ஏலங்களில் சாதாரண நிலையில் உள்ளவை சில நூறு டாலர்களுக்குப் போகின்றன. ஆனால் நம் காசை அங்கே அனுப்ப முடியாது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. உள்நாட்டில் தொல்பொருள் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும்.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் கதையே வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, தோட்டம் உழும்போதோ பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 'பிடுங்கிக்கொள்வார்கள்' என்ற பயத்தில்தான் பலர் ராத்திரியோடு ராத்திரியாக உருக்கிவிடுகிறார்கள். நியாயமான பயம்தான், ஆனால் தெரிவிக்காமல் மறைத்தால்தான் தண்டனையும், கிடைக்க வேண்டிய பங்கு போவதும். ஒரு பானையில் இருநூறு காசு சேர்ந்து கிடைத்தால், எது கடைசிக் காசோ அதை வைத்து அந்தப் பானையை எப்போது புதைத்தார்கள் என்று சொல்ல முடியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறியிலிருந்து கொடுமணல், கரூர் என்று போன வணிகப் பாதையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி இப்படிக் கிடைத்த பானைகள் சொன்னதுதான். உருக்கினால் மிஞ்சுவது முக்கால் கிலோ வெள்ளி.

அக்காவின் காசு மூசை வரை போய்த் திரும்பி வந்தது. அவர் கணவர் அந்த 3.71 கிராமுக்குத் தன் வெள்ளியைப் போட்டிருக்காவிட்டால் அது யாருடைய காலிலாவது கொலுசாகக் கிடந்திருக்கும்.

எல்லாம் முடிந்து காபி குடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. போன் அடித்தது. அதே எண். அக்கா எடுத்து, "காசை நேர்ல வந்து பாருங்க, பதிவுக் கட்டணத்தைக் கையிலயே தர்றேன்" என்றார். எதிர்முனை வைத்துவிட்டது. பையனிடம் அந்த எண்ணைச் சைபர் குற்றத்துக்கான 1930-ல் சொல்லச் சொன்னேன்.

"ஃபீஸுக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"சங்கிலியைச் சொசைட்டியில வெச்சுக்கலாம் தம்பி. போன தடவையும் அப்படித்தானே. அவர் காசை எதுக்கு விக்கறது? எக்மோர் மியூசியத்துல இது மாதிரி நெறையா இருக்குதுன்னீங்களே, ஒரு நாள் பையனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

கருத்த காசைத் தீப்பெட்டிக்குள் வைக்கும் முன் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் உக்காந்திருக்குதே, இந்தப் பொம்பளை யாருங்க?"

"சமாதானத் தேவதைன்னு சொல்வாங்க. அந்த ராஜாவோட அம்மா லிவியாவைத்தான் அப்படிப் போட்டிருக்காங்கன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க."

"அப்ப ஒரு பக்கம் பையன், ஒரு பக்கம் அம்மாவா?"

தீப்பெட்டியை மூடினார். எட்வர்ட் காசையும் கோர்டியனையும் பச்சை பூத்ததையும் தனியே மடித்துக்கொண்டார். வார்ப்புக் காசு இரண்டையும் மட்டும் என் மேசையிலேயே விட்டுவிட்டு, "இது உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்து யாராச்சும் வந்தா காட்டுங்க" என்று சொல்லிக் கிளம்பினார்.